இளமை தரும் ராட்டினம்

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் ஊருக்கே தலை சுற்றியது. சந்தைத் திடலில் பேராசிரியர் ஃபாவர்ஜே ராட்டினம் போட்டிருந்தார். வேகமாகப் போகிறவனுக்குக் காலம் மெதுவாகப் போகும் என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாம். ஆகவே தினம் ஒரு மணி நேரம் சுற்றினால் மூப்பு நிற்கும், நோய் நிற்கும். எதில் பேராசிரியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாடி இருந்ததே, போதாதா?

அத்தாட்சி, அவருடைய பைக்கடிகாரம். ஒரு மணி நேரம் சுற்றி இறங்கினால் தேவாலயக் கோபுரக் கடிகாரத்தைவிடப் பத்து நிமிடம் பின்தங்கியிருக்கும். ஊரில் பாதிப் பேர் கடிகாரம் செய்து பிழைப்பவர்கள். மனிதன் பொய் சொன்னாலும் கடிகாரம் சொல்லாது என்று நம்புகிறவர்கள். விழுந்து கும்பிடாததுதான் குறை.

வரிசையில் அமி மத்தேயும் நின்றான். அவனுக்குக் காசநோய். மலைமேல் மருத்துவமனையில் கட்டில் கிடைத்திருந்தது. நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறொருவருக்கு. அமியோ ராட்டினமே போதும் என்று அடம்பிடித்தான். அவன் மனைவி ஓடெத் இதை நம்பவில்லை. தொழிற்சாலையில் கடிகாரங்களின் ஓட்டத்தைச் சரிபார்ப்பவள் அவள். கடிகாரத்தைச் சந்தேகப்படுவதற்கே அவளுக்குச் சம்பளம்.

அவள் நேரே பேராசிரியரிடம் போனாள்.

"ஐயா, உங்க கடிகாரம் இந்த மேசையிலேயே இருக்கட்டும். என்னுது சுத்திட்டு வரட்டும்."

பேராசிரியரின் முகம் சுண்டியது. நுட்பமான கருவி, அந்நியர் கை படக்கூடாது என்றார்.

"நான் தொடவே மாட்டேன். எங்க வேலையில எந்தக் கடிகாரத்தையும் முதல்ல சும்மா வெச்சுத்தான் பாப்போம்."

கூட்டத்திலிருந்த கடிகாரக்காரர்கள் தலையாட்டினார்கள். தினமும் செய்கிற வேலைதான். இங்கே வந்ததும் மறந்துவிட்டார்கள், பாவம். பேராசிரியரால் மறுக்க முடியவில்லை. தன் கடிகாரத்தைக் கோபுர நேரத்துக்குத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

அமி மனைவியின் கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் இருமிக்கொண்டே சுற்றினான். இறங்கியபோது அது கோபுரத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போனது. ஓரங்குலம்கூட நகராத பேராசிரியரின் கடிகாரமோ பத்து நிமிடம் பின்தங்கிக் கிடந்தது.

"மேசைக்கு இளமை திரும்பிடுச்சு போல," என்றார் ஒரு கிழவர்.

விஞ்ஞானிகள் சொன்னது மெய்தான் என்றாள் ஓடெத். பள்ளி ஆசிரியரிடம் கணக்குப் போட்டுக் கேட்டு வந்திருந்தாள். காலம் மெதுவானால் கடிகாரம், இதயம், இருமல் எல்லாம் சேர்ந்தேதான் மெதுவாகும். ஏறியவனுக்கு அது தெரியவும் தெரியாது. அதற்கும் ஒளியை எட்டிப்பிடிக்கிற வேகம் வேண்டும்.

"பத்து லட்சம் வருஷம் இதுல சுத்துனாலும் கண் சிமிட்டுற நேரம்கூட மிச்சமாகாது, அமி. உன் நுரையீரல் அவ்வளவு நாள் காத்திருக்காது."

அமி கடிகாரத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான். பிறகு, "காலைல வண்டி எத்தனை மணிக்கு?" என்றான். ஓடெத் அழுதுவிட்டாள்.

பேராசிரியரைக் காணவில்லை. வேகம் என்றால் என்னவென்று அன்றுதான் அவர் மெய்யாகவே காட்டினார்.

ஓடாத ராட்டினத்தில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம், யாராவது சுற்றிவிடுவார்கள் என்று. இறங்குங்கள் ஐயா, மூளையை ஓட்டிப் பாருங்கள். அதை இன்னொருவன் சுற்றிவிட முடியாது.