பின் அச்சுக்கு எத்தனை சுற்று?

"சேஸிஸ் நம்பர் சொல்லுங்க, பில்லுக்கு வேணும்" என்றாள் லாரி உதிரிபாகக் கடைக்காரரின் மகள், முதல் நாள்.

டிரைவர் சொன்னான். அவள் குறித்துக்கொண்டாள்.

"ஆனா ரேஷியோ தெரியாம பின் அச்சுக்கு கியர் தர முடியாது. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா, எஞ்சின்ல இருந்து பின்னாடி வர்ற ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு பார்த்துட்டு வாங்க."

"கம்பெனி புத்தகத்துல இருக்காதா?"

"இந்தக் கிழட்டு வண்டிக்கா?"

அந்தப் பேச்சு நடந்து மூன்று வாரம் ஆகிறது. கியர் தேய்ந்து ஊளையிட்ட லாரி அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. டிரைவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அவளிடம் ஒன்று கேட்க வேண்டுமென்று இரண்டு வருடமாகக் கடைக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஃபேன் பெல்ட் வாங்கிக்கொண்டு திரும்பியவன் அவன். வீட்டு ஆணியில் இப்போது பதினொரு பெல்ட் தொங்குகிறது.

முதலில் கதவோரத்துக் கம்பெனித் தகட்டைப் படிக்கப் பார்த்தான். அதன்மேல் நாலு பூச்சு பெயிண்ட். சுரண்டினான். பெயிண்டோடு எண்ணும் போயிற்று.

அடுத்து ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸால் கோடு போட்டுச் சுற்றினான். மூன்றேகால் என்று போய்ச் சொன்னான். அந்த ரேஷியோவில் ரேஸ் கார்தான் ஓடும், மறுபடி பாருங்கள் என்றாள் அவள்.

இரண்டு சக்கரத்தையும் தூக்கினான். இந்தப் பக்கம் சுற்றினால் அந்தப் பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. ஷாஃப்டோ முறைத்துக்கொண்ட மாமனார் மாதிரி அசையவே இல்லை. பூஜ்யம் என்று சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்.

கடைசியில் கியரின் பல்லையே எண்ணிவிடலாம் என்று அச்சின் மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த எண்ணெய் முழுவதும் அவன் தலையில் இறங்கியது. அதே சட்டையோடு கடைக்குப் போய் நின்றான்.

"எத்தனை பல்லு?"

"முப்பத்தொன்பது. இல்ல, நாப்பத்தொண்ணு." காதிலிருந்து எண்ணெய் சொட்டியது. இதற்குமேல் கெட என்ன இருக்கிறது என்று தோன்றியது அவனுக்கு. "எந்த கியரும் வேணாங்க. என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவள் பேனா மூடியைக் கழற்றினாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். சிரிப்பை மட்டும் மூட முடியவில்லை.

அலமாரி ஏணியிலிருந்து அவள் அப்பா நிதானமாக இறங்கி வந்தார். தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"அப்பாடா. இனிமேலாவது இதைக் கொடுத்துடும்மா. புத்தகத்துல சேஸிஸ் நம்பரைப் பார்த்து, மொத நாளே நீ எடுத்து வச்ச கியர்தானே."