பாக்கியத்தின் பாசமும் தாது உப்புகளும்

அன்பு என்றால் என்ன என்று உலகம் வெகுகாலமாக யோசித்துக்கொண்டிருக்கிறது. அதை நேரில் கண்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாகத் தீர்மானமே நிறைவேற்றிய பெருமை பினாங்கு வாயில்லா ஜீவன்கள் நேசர் சங்கத்தையே சேரும். "நமது பசு பாக்கியம், நமது தலைவர் திரு. புவனேஸ்வரன் அவர்கள்மீது வைத்திருக்கும் பாசம் அப்பழுக்கற்றது என இக்கூட்டம் பதிவு செய்கிறது" என்பது தீர்மானத்தின் வாசகம்.

சங்கத்தில் உறுப்பினர்கள் நிறைய. ஜீவன் ஒன்றுதான். அந்த ஒன்று பாலிக் புலாவில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. சங்கத்தின் அலுவலகமோ ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவில், செயலாளர் காஜா மொய்தீனின் நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பசுவுக்கும் சங்கத்துக்கும் நடுவே ஒரு மலை இருந்ததால் நிர்வாகம் சுமுகமாக நடந்தது.

புவனேஸ்வரன் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மனிதவள மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே மனிதவளம் அவரை விட்டுப் போய்விட்டது. முன்பு ஓடிவந்து வணக்கம் சொன்னவர்கள் இப்போது பாசாரில் அவரைக் கண்டால் மீனை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். மெல்பர்னில் இருக்கும் மகன், "அப்புறம் கூப்பிடுறேன்ப்பா" என்று சொல்வதற்காகவே போனை எடுத்தான்.

அப்படிப்பட்டவரின் கையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் நக்கியது. நல்ல வெயில். கொட்டகைக்குள் நுழைந்தவர் வேர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடுவதற்குள், உள்ளங்கையில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும், சொரசொரப்பான நாக்கால், ஓர் இடம் விடாமல் நிதானமாக நக்கியது. அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கையை யாரும் தொட்டே வெகுநாளாயிற்று.

"பாத்தியா ரமணி, ஆளைத் தெரிஞ்சு வச்சிருக்கு" என்றார்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ரமணி சாணியை அள்ளிக்கொண்டே, "செவத்தையும்தாண்ணே நக்குது. நேத்து காயப் போட்ட துண்டைத் தின்னுருச்சி" என்றாள்.

"அது பழக்கம். இது பாசம்" என்று தலைவர் விளக்கினார்.

இந்தப் பாசத்துக்கு அறிவியல் அங்கீகாரமும் இருந்தால் நல்லது என்று சங்கம் கருதியது. கால்நடை மருத்துவர் தனுஜா பேச அழைக்கப்பட்டார். "கால்நடை உணவில் தாது உப்புகள் மற்றும் மின்பகுபொருள்களின் பங்கு" என்று அவர் தலைப்புக் கொடுத்தார். அதில் "மின்" என்று இருப்பதைப் பார்த்துத் தொழிற்சாலைக்காரரான தலைவர் உடனே ஒப்புதல் வழங்கினார்.

"மின்பகுபொருள்னா மாட்டுக்குக் கரண்டு வைக்கிறதா?" என்று காஜா மொய்தீன் கேட்டார்.

"இல்ல அங்கிள், உப்புதான். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம். நரம்பு, தசை, உடம்புல ஓடுற தண்ணி எல்லாம் அதை நம்பித்தான் இருக்கு. வெறும் புல்லுல சோடியம் பத்தாது. குறைஞ்சா மாடு செவத்தை நக்கும், துணியைத் தின்னும், வேர்த்துப்போன மனுசனைக் கண்டா விடாம நக்கும்."

எல்லோரும் தலைவரின் கையைப் பார்த்தார்கள். தலைவர் அதை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாங்க போட்ட தீர்மானம்?" என்றார் காஜா மொய்தீன்.

"அவருக்கு நல்லா வேர்க்குது அங்கிள். அதான்."

மறுநாளே தனுஜா செங்கல் போலிருந்த ஒரு தாது உப்புக் கட்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் கயிற்றில் தொங்கவிட்டார். பாக்கியம் சினையாக இருந்தது. கன்று போடும்வரை கட்டி அங்கேயே இருக்க வேண்டும் என்று ரமணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு புவனேஸ்வரன் காரைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையை நீட்டினார். பாக்கியம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டியிடம் திரும்பியது. அந்தப் பார்வையை அவர் பாசாரில் நிறையப் பார்த்திருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் எல்லோரும் 'ஒய்.பி.' என்று மரியாதையாக அழைக்கும் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர் கொட்டகைக்கு வருகை தரப்போவதாகத் தகவல் வந்தது. பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். கொட்டகைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, மானியம் ஒய்.பி.யின் கையில் இருந்தது. தலைவர் ஆழ்ந்து யோசித்து, "பாச மேம்பாட்டு நடவடிக்கை"யின் கீழ் உப்புக் கட்டியைத் "தற்காலிகமாக இடைநிறுத்தம்" செய்தார். அதாவது, அவிழ்த்துக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, செனை மாடு லா" என்றாள் ரமணி. "டாக்டரம்மா எடுக்கவே கூடாதுன்னாங்க."

"ஒய்.பி. வந்துட்டுப் போகட்டும். அப்புறம் ரெண்டு கட்டியாத் தொங்க விடுவோம்."

நடவடிக்கை பெருவெற்றி பெற்றது. ஒய்.பி. வந்த அன்று பாக்கியம் தலைவரின் கை, கழுத்து, சட்டைக் காலர் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. "அன்புக்கு மொழி ஏது?" என்று கீழே போட்டிருந்தார்கள். மெல்பர்னிலிருந்து மகன் தானாகவே கூப்பிட்டு, "அப்பா, சூப்பர்" என்றான்.

ஒய்.பி. போன பிறகும் கட்டி காரிலேயே இருந்தது. இந்த ஞாயிறு மட்டும் நக்கட்டும் என்று நினைத்தார். அப்புறம் அடுத்த ஞாயிறு.

பாக்கியம் ஒரு காளைக் கன்றை ஈன்றது. மறுநாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது, காதுகள் சில்லிட்டிருந்தன. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்தது. ரமணி போன் செய்ததும் தனுஜாவும் புவனேஸ்வரனும் வந்து சேர்ந்தார்கள்.

"கால்சியம் இறங்கிப்போச்சு. மெக்னீசியமும் கொறைஞ்சிருக்கும்" என்ற தனுஜா நிமிர்ந்து வெறும் கயிற்றைப் பார்த்தார். "கட்டி எங்க?"

புவனேஸ்வரன் தன் செருப்பைப் பார்த்தார். "கார்ல இருக்கு."

தனுஜா திட்டவில்லை. பசுவின் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, கால்சியம் பாட்டிலைப் புவனேஸ்வரன் கையில் கொடுத்து, "இறக்காமப் பிடிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார். சாணியிலும் சகதியிலும் நின்றபடி அவர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். கை கடுத்தது, மாற்றிக்கொள்ளவில்லை. வேர்வை வழிந்து பாக்கியத்தின் முகத்தருகே சொட்டியது. அது நாக்கை வெளியே நீட்டக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. சங்கத் தலைவருக்கு அப்போது ஏற்பட்ட உணர்ச்சியைக் குறிக்கத் தீர்மான மொழியில் சொல் இல்லை. பேச்சுவழக்கில் வெட்கம் என்பார்கள்.

மருந்து மெல்ல இறங்கியது. வெகுநேரம் கழித்துப் பாக்கியத்தின் தோல் சிலிர்த்தது. முன்னங்காலை ஊன்றித் தடுமாறி எழுந்து நின்றது. ரமணி கன்றை மடிக்குத் தள்ளிவிட்டாள். புவனேஸ்வரன் ஓடிப்போய்க் கட்டியை எடுத்துவந்து தானே கயிற்றில் கட்டினார். பாக்கியம் அவர் கையைத் தாண்டிக் கட்டிக்குப் போனது.

பத்திரிகையில் புகழ்பெற்ற பசுவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட ஒய்.பி., உதவியாளர் ஷாருலுடன் வந்து இறங்கினார். நடந்ததைத் தனுஜா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஒய்.பி. இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அப்ப, வேண்டியதைக் கொடுத்துட்டா இவரைத் திரும்பிக்கூடப் பாக்காது?"

"பாக்காது, ஒய்.பி."

"எடுத்துட்டா?"

"நக்கும். ஆனா ரொம்ப நாள் எடுத்து வச்சா இப்படி விழுந்துரும்."

"விழுறதுக்கு முன்னால திருப்பிக் கொடுத்துறணும்" என்று ஒய்.பி. தலையசைத்தார். பிறகு உதவியாளர் பக்கம் திரும்பினார். "ஷாருல், அந்தக் கம்போங் சனங்களுக்குப் போடுற தண்ணிக் குழாய் வேலை அடுத்த மாசம் முடியுதுல்ல? தேர்தல் வரைக்கும் இழு."

தாது உப்புகளின் முக்கியத்துவத்தை அன்றைய தினம் முழுமையாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே.

புவனேஸ்வரனுக்கு அது காதில் விழுந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் ஒய்.பி. விடைபெறக் கையை நீட்டி, "கூரை விசயத்தை மறக்கல, பாக்கலாம்" என்றார். தலைவர் வாயை மூடிக்கொண்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றி, குனிந்து, வெகுநேரம் விடாமல் வைத்திருந்தார். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கிய கை. வேர்வையே இல்லை.

பாக்கியத்துக்காவது உப்புக் கிடைத்தது.