மூன்று முறை தட்டியும் திறக்காத கதவு

“உங்க பேரே வாக்காளர் பட்டியல்ல இல்லையேம்மா,” என்றார் வேட்புமனு வாங்கும் அதிகாரி.

வார்டு தேர்தலில் நிற்பதற்காக ஆறு மாதம் வீடு வீடாக நடந்தவள் அவள். மூன்று மணிக்கு மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இப்போதே இரண்டு.

கூட வந்த கணவனுக்குச் சிரிப்புதான் வந்தது. அவனே வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பவன். செத்தவர், குடிபெயர்ந்தவர் என்று முந்நூறு பேரை அடித்துத் தள்ளியவன். கையில் கதவு எண்கள் எழுதிய தாள், தெருத் தெருவாகக் குனிந்த தலை நிமிராத உழைப்பு. மேலிடம் பாராட்டிச் சான்றிதழே கொடுத்திருக்கிறது.

“என் பேருக்குக் கீழ பாருங்க சார்.”

“உங்க பேரும் இல்லையே.”

கணினியில் காரணம் இருந்தது: ‘மூன்று முறை தட்டியும் கதவு திறக்கவில்லை. குடிபெயர்ந்தனர்.’

“பகல்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறோம். யாருங்க திறப்பா?” என்றாள் மனைவி.

“அந்த மடையனுக்கு அதுகூடவா தெரியாது?”

“மடையனை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பேரைச் சேர்க்க வழியக் கேளுங்க.”

வழி இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவர் நேரில் வந்து சாட்சி சொன்னால் போதும். மனைவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். சான்றிதழ் வாங்கிய ஆள் சும்மா இருப்பானா? வெள்ளைத்தாள் வாங்கி, ‘பொறுப்பற்ற அந்த ஊழியரை உடனடியாக வேலையை விட்டு நீக்கவும்’ என்று புகார் எழுதினான்.

“நம்ம ஆபீஸ் ஆளா இருப்பான். பாவம் சார், விட்டுடுங்களேன்,” என்றார் அதிகாரி.

“பாவமா? குடும்பத்தோட அழிச்சிருக்கான். இன்னிக்கே மேல அனுப்புங்க.”

அதிகாரி முத்திரை குத்தி அனுப்பிவைத்தார்.

இரண்டே முக்காலுக்குத் தையல்காரம்மா கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தாள். “பத்து வருஷமா எதிர்வீட்லதான் இருக்காங்க,” என்று கையெழுத்துப் போட்டாள். பெயர்கள் திரும்பி வந்தன. மனு ஏற்கப்பட்டது. மனைவிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

“வாங்க, போகலாம்,” என்றாள் அவள்.

“இரு. அக்கா, எந்நேரமும் ஜன்னல் பக்கம்தானே தைக்கிறீங்க. தட்டினவனைப் பார்த்திருப்பீங்களே. அடையாளம் சொல்லுங்க, அதையும் புகார்ல சேர்த்துடலாம்.”

தையல்காரம்மா அவன் மனைவியைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“சாவியைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு, சொந்த வீட்டுக் கதவையே மூணு தடவையும் தட்டிட்டு எழுதிட்டுப் போனது நீங்கதானே தம்பி.”