கருணைக்கு எந்த ர?

பணத்தைத் திருடனிடமிருந்து காப்பாற்றுவது பழைய முறை. சொந்தக்காரரிடமிருந்தே காப்பாற்றுவதுதான் நவீன முறை. இந்த உயரிய கொள்கையின்படி ஆசிரியர் சங்கம் சுற்றறிக்கை விட்டு, எல்லோருடைய சேமிப்பையும் கைப்பேசி கிரிப்டோ வாலட்டுக்கு மாற்றியது.

தமிழ் டீச்சரும் மாற்றினார். ஆப் பன்னிரண்டு ரகசியச் சொற்களைக் காட்டி, வரிசை மாறாமல் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னது. எழுதினார். பிறகு கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. புதிய கைப்பேசியில் அதே சொற்களை அடித்தால், "நீங்கள் நீங்கள் அல்ல" என்றது ஆப். 'மறந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தினார். "நினைவுபடுத்திக்கொள்ளவும்" என்று கனிவோடு அறிவுறுத்தியது.

கணவருக்கு நாளை மறுநாள் கண் ஆபரேஷன்; அதற்கான பணமும் வாலட்டுக்குள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு'க்குப் போனார். கண்ணாடி அறைக்குள் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதிகாரி டீச்சருடைய பழைய மாணவன்.

"டீச்சர், ஏதோ தப்பா அடிக்கிறீங்க."

"தப்பில்லாம அடிக்கிறதுதான்டா பிரச்சினை. உங்க ஆப் காட்டின சொல்லுல பாதிக்கு மேல எழுத்துப்பிழை. எழுதும்போதே கை தானா திருத்திடுச்சு."

அதிகாரி முகம் வெளிறியது. "திருத்துனீங்களா? ரகசியத்தையா?"

"கருணையைக் கொலை பண்ணி வச்சிருந்தான் ஒரு மகாபாவி!"

"அப்போ மறுபடியும் தப்பா அடிங்க டீச்சர்."

"எந்தத் தப்பு? அதையெல்லாமா ஞாபகம் வச்சுக்குவாங்க? பட்டியலைக் காட்டு."

"ரகசியம் டீச்சர். எங்க மேனேஜரே பார்த்ததில்ல."

"எழுதினவன் பார்த்திருப்பான்ல? அவனைக் கூப்பிடு."

அதிகாரி கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "இந்த ஆபீஸ்ல தமிழ் நல்லாத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்..."

டீச்சர் கைப்பேசியை அவனிடம் நீட்டினார். பிறகு வகுப்புக் குரலில், "சரி, நான் சொல்லச் சொல்ல அடி. கருணை."

அதிகாரி யோசிக்கவே இல்லை. 'கறுனை.' அடுத்தது 'வாளை மரம்.' அடுத்தது 'நிளல்.' பன்னிரண்டும் முடிந்ததும் வாலட் திறந்துகொண்டது. திரையில் பூத்தூவலோடு 'வறுக! வறுக!'

"என்ன போட்டிருக்கு?" என்றார் கணவர், கண்ணை இடுக்கிக்கொண்டு.

"வருக. வல்லின றகரம் போட்டு."

"அப்போ நம்மளை வறுத்தெடுக்கப் போறாங்க."

அதற்குள் அதிகாரி கடமையுணர்வோடு சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். திரை இருண்டது.

"என்னடா பண்ணினே?"

"ரகசியச் சொல் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா ஆறு மாசம் முடக்கணும், அதான் விதி. எனக்குத் தெரிஞ்சுபோச்சே டீச்சர்! உங்க பாதுகாப்புக்குத்தான்."

"ஆபரேஷன் நாளன்னைக்குடா!"

"எழுத்துப்பூர்வமா ஒரு மனு குடுங்க. பிழையில்லாம இருக்கணும்."

டீச்சர் மேசையை ஓங்கித் தட்டினார். "கருணைன்னு எழுதத் தெரியாத உன்னையெல்லாம் தமிழ்ல எவன்டா பாஸ் போட்டான்?"

அதிகாரி மரியாதையாக எழுந்து நின்றார்.

"நீங்கதான் டீச்சர். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டணும்னு சுற்றறிக்கை வந்துச்சே, அந்த வருஷம்."