அனாலிசிஸ் அண்ணனும் வாலில் வந்த எக்ஸும்

2008 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கிக் காய்ச்சினேன். இட்லி, பூண்டுச் சட்னி. பாத்திரம் தேய்த்தேன். கருவேப்பிலங்குறிச்சிப் பள்ளியில் முற்பகல் வகுப்புகளை முடித்து, அரை நாள் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, விருத்தாசலம் பஸ் ஏறினேன். நின்றுகொண்டே போனேன்.

அன்று ஆகஸ்ட் 12 என்பதில் நாட்டில் யாருக்கும் சந்தேகமில்லை, ஒருவரைத் தவிர. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், இரண்டாம் தரப் பீங்கான் விற்கும் கடைக்கு மேல் மாடியில், அவர் கணிப்பொறி வைத்திருந்த அறையில் அன்றைக்கு 2003 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. அதற்கு முந்தின வாரம் போனபோதும் அதே திங்கள்தான். ஐந்தரை வருஷமாக அந்த அறையில் திங்கட்கிழமை விடியும், முடியாது. காலத்தைக் கட்டி வைத்தவர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால் அது எங்கள் ஊர் அனாலிசிஸ்தான்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. ஆசிரியர்கள் எல்லோரும் அஞ்சல் வழியில் எம்.பில். படித்த காலம் அது. ஆளுக்கொரு கேள்வித்தாள் அச்சடித்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கொடுத்து, பதில்களை எண்களாக்கி வைத்திருப்போம். அந்த எண்களை என்ன செய்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூட்டை கட்டி அனாலிசிஸிடம் கொண்டுபோவோம். அவர் அவற்றைப் புள்ளியியல் சாப்ட்வேருக்குள் கொட்டி, அட்டவணையாக எடுத்துத் தருவார். தன்னிடம் வருகிறவர்களைத் தலைப்பை வைத்துத்தான் கூப்பிடுவார். "வாங்க குடும்பச்சூழல், உக்காருங்க. மனஅழுத்தம் எங்க, இன்னும் வரலியா?" என்பார். பீங்கான் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பார்வம் என்பது என் ஆய்வு. ஆகவே நான் ‘படிப்பார்வம் டீச்சர்’.

முடிவு சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டரைப் போல, தோள் துண்டால் நெற்றியைத் துடைத்தபடி மெதுவாகத் திரும்புவார். எதிர்பார்த்த வித்தியாசம் எண்களில் இல்லை என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "சிக்னிஃபிகன்ட் இல்ல டீச்சர். மனச தேத்திக்குங்க. நம்ம கையில என்ன இருக்குது." இதைக் கேட்டு அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அழுத தலைமையாசிரியர்கள் உண்டு.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். அந்த சாப்ட்வேர் அவர் வாங்கியதல்ல. யாரோ பேராசிரியர் கொடுத்த மாதிரி சி.டி. ஒரு மாதம் மட்டும் ஓடும், பிறகு பணம் கட்டச் சொல்லிப் பூட்டிக்கொள்ளும். அனாலிசிஸ் பணம் கட்டவில்லை. மாதத்தை முடியவிடவில்லை. தினமும் காலையில் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, கணிப்பொறியின் தேதியை 2003 பிப்ரவரி 10-க்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

"ஏண்ணே அந்தத் தேதி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வளர்பிற, டீச்சர்."

நான் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள். தேதி தப்பாகக் கிழிக்கப்பட்ட காலண்டரைப் பார்த்தாலே அடுத்தவர் வீடானாலும் போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன். அவர் கொடுக்கும் ஒவ்வொரு தாளின் தலையிலும் அந்த பிப்ரவரி 10 அச்சாகி வரும்போது எனக்கு உடம்பு எரியும். சேத்தியாத்தோப்பு டீச்சர் ஒருவரை வாய்மொழித் தேர்வில், "2007-ல தகவல் சேகரிச்சு 2003-ல ஆய்வு பண்ணியிருக்கீங்களேம்மா, எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பாவம், "முன்கூட்டியே பண்ணிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். இதைச் சொல்லி அனாலிசிஸிடம் சண்டைக்குப் போனேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மை பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "தடவி, ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. தெரியாது."

ஆகஸ்ட் 12-க்குத் திரும்புகிறேன். பதினான்காம் தேதி நான் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. தவறினால் பதிவு ரத்து. சூளை சூளையாக ஏறி இறங்கி, தொழிலாளர்கள் கை கழுவி வரும்வரை காத்திருந்து வாங்கிய பதில்களெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்கும் தெம்பு எனக்கு இல்லை. அனாலிசிஸுக்கும் அது தெரியும்.

புதிதாக வாங்கிய லேப்டாப்பில் எல்லா எண்களையும் நானே அடித்து, இரண்டு முறை சரிபார்த்து, பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் துண்டால் துடைத்துச் செருகினார். ஃபைலைத் திறந்தார். திறக்கவில்லை. மறுபடி திறந்தார். திறக்கவில்லை.

"டீச்சர், ஃபைலு கெட்டுப்போச்சு."

"நேத்து நல்லாத்தாண்ணே இருந்துது!"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குள் மூக்கை நுழைத்தார். "ஏங்க, வாலுல எதுக்கு இன்னொரு எக்ஸு சேத்தீங்க? எல்லாருக்கும் எக்ஸெல்எஸ்னு வரும். உங்களுக்கு மட்டும் எக்ஸெல்எஸ்எக்ஸ்னு வந்துருக்குது."

"நான் எதயும் சேக்கலண்ணே. அதுவா வந்துது."

எனக்கு அடுத்தபடி காத்திருந்தவர் ஒரு பி.டி. சார். கபடி விளையாடும் பையன்களின் உடல்தகுதி அவர் ஆய்வு. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "புது எக்செல்ல அப்படித்தாண்ணே வருதாம். போன வருஷம் வந்துது. உங்க தேதிப்படி அத இன்னும் கண்டே புடிக்கல" என்றார்.

அனாலிசிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஃபைலின் பெயரிலிருந்து கடைசி எக்ஸை அழித்தார். "இப்ப தொறக்கும் பாருங்க. கொழுப்ப எடுத்தாச்சு." திறந்தது. திரை முழுக்கக் கட்டங்களும் நெளிவுகளும் கேள்விக்குறிகளும். ஒன்றரை மாதம் நான் அடித்த எண்களில் ஒன்றுகூட இல்லை. முதல் வரியில் மட்டும் பி, கே என்று இரண்டு எழுத்து தெளிவாக இருந்தது.

"யாருங்க பி.கே.? உங்க வூட்டுக்காரரா?"

"எங்க வூட்டுக்காரரு எம். ராமலிங்கம்ணே."

"அப்ப வைரஸு."

பள்ளியில் கணக்கு டீச்சர் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புது எக்செல்லிலேயே பழைய வடிவத்தில் சேமிக்கிற வழி இருக்கிறதாம். லேப்டாப் வீட்டில் இருந்தது. "அண்ணே, நான் ஊருக்குப் போயி பழைய மாதிரி சேவ் பண்ணி எடுத்தாந்துர்றேன். அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன்" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. "எதுக்கு? நான் இருக்கறப்ப நீங்க எதுக்கு பஸ்ஸு ஏறி அலயணும்? ஊருக்கே அனாலிசிஸ் பண்றவன் ஒரு எக்ஸுக்கு பயந்துக்கினு டீச்சர திருப்பி அனுப்பிட்டான்னு பேசவா? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த நேரம் எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புது ஃபைலைப் பழைய எக்செல் படிப்பதற்கு ஒரு சிறு துணை சாப்ட்வேர் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது என்று பி.டி. சார் சொன்னார். அனாலிசிஸின் கணிப்பொறிக்கு இன்டர்நெட்டே கிடையாது. "இன்டர்நெட்டு வந்தா பின்னாடியே தேதி வந்துடும்" என்பது அவருடைய கொள்கை. அன்று அந்தக் கொள்கையைக் கைவிட்டார். பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து நீல ஒயரை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். நீளம் போதாமல் பி.டி. சார் ஒயரைப் பிடித்தபடி ஜன்னல் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றார்.

இன்டர்நெட் வந்தது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே எச்சரிக்கை. அனாலிசிஸ் அதை மெல்லப் படித்து மொழிபெயர்த்தார். "இந்த வெப்சைட்டோட சான்றிதழு இன்னும் பொறக்கவே இல்லங்கறான். எனக்கு தேதி தெரியலங்கறான்."

"கரெக்டாத்தாண்ணே சொல்றான்" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

அனாலிசிஸ் எங்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் சாட்சி. அஞ்சே நிமிஷம். நடுவுல அந்த சாப்ட்வேர யாரும் தொடக்கூடாது. தொட்டா தேதிய பாத்து பூட்டிக்கும். மறுபடி எந்தத் தேதிக்கு போனாலும் தொறக்காது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, ஐந்தரை வருஷத்தில் முதல்முறையாக, கணிப்பொறியில் அன்றைய தேதியைப் போட்டார். 12 ஆகஸ்ட் 2008. எனக்கு அதைப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

துணை சாப்ட்வேர் இறங்கியது. நிறுவினார். என் ஃபைலைத் திறந்தார். என் எண்கள் வரிசை வரிசையாக, ஒன்று குறையாமல், பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கும் பிள்ளைகளைப் போல வந்து நின்றன. பி.டி. சார் ஜன்னலிலிருந்து கை தட்டினார். ஒயர் கழன்றது. அனாலிசிஸ் சந்தோஷத்தில், "எக்ஸு, பெரிய எக்ஸு!" என்று கத்திக்கொண்டே, தினமும் எக்செல்லுக்கு அடுத்தபடியாக எதைத் திறப்பாரோ அதைத் திறந்தார்.

அவரேதான். அவர் கையாலேயேதான். யாரும் தொடக்கூடாது என்று சொன்ன அதே சாப்ட்வேரை. தேதியைத் திருப்பாமலே.

அது தேதியைப் பார்த்தது. சோதனைக் காலம் முடிந்தது, பயன்படுத்தியமைக்கு நன்றி என்று ஒரு பெட்டி வந்தது.

தேதியைத் திருப்பினார். பிப்ரவரி 10, பிப்ரவரி 9, ஜனவரி என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார். அது ஒருமுறை பார்த்ததை மறக்கவில்லை. "மெஷின மொத்தமா தொடச்சுட்டு புதுசா ஏத்தணும். ஆனா ஊரு வாத்தியாருங்க டேட்டா பூரா இதுக்குள்ள இருக்குது. அத எடுத்து வெக்கவே மூணு நாளு ஆவும்." அதற்குமேல் அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்று நாள் என்றால் பதினைந்து. எனக்குப் பதினான்கு.

எனக்கு வந்த கோபத்தை அப்படியே சொல்லிவிடுகிறேன். "அப்பவே ஊருக்குப் போயி அஞ்சு மணிக்குள்ள பண்ணி எடுத்தாந்துருப்பேன். உங்க கௌரவத்துக்கு என் எம்.பில்.தான் கெடச்சுதாண்ணே?" என்று கேட்டேன். பி.டி. சார் ஒயரைச் சுருட்டுவதில் மிகுந்த கவனம் செலுத்தினார்.

அனாலிசிஸ் செல்போனை எடுத்து வாசலுக்குப் போனார். அவர் யாரைக் கூப்பிட்டார் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. சிதம்பரத்தில் ஒருவன் இருந்தான். இவரிடம் மூன்று வருஷம் வேலை கற்று, சண்டை போட்டுப் பிரிந்து, சொந்தமாகக் கடை வைத்து, பணம் கட்டிப் புது சாப்ட்வேர் வாங்கியவன். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் அனாலிசிஸ் எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார். அவனுக்குச் சராசரி எடுக்கக்கூடத் தெரியாது என்பது அவருடைய நிரந்தரத் தீர்ப்பு.

"தம்பி... நான்தான். விருத்தாசலம். ...நல்லா இருக்கன். ...இல்ல, சும்மாதான்." தொண்டையைச் செருமினார். "ஒரு டீச்சர் ஃபைலு. நாளைக்குள்ள பண்ணணும். புது மாதிரி எக்ஸெல்எஸ்எக்ஸ். ஒங்கிட்ட தொறக்குமா?"

அந்த அறையின் அமைதியில் மறுமுனைப் பதில் எங்களுக்கும் கேட்டது. "அதாண்ணே இப்ப எல்லாருங் கொண்டாராங்க. அப்படியே கொண்டாங்க, தொறந்துக்கும்."

அந்த ‘அப்படியே’வை அவர் விழுங்கியது எனக்குத் தெரிந்தது.

"நானும் கூட வரேன் டீச்சர்" என்றார் உள்ளே வந்து. "அவன் அவசரக்காரன். பக்கத்துல ஆளு இல்லன்னா தப்பான டெஸ்ட்ட போட்டு விட்டுடுவான்."

ஆய்வேடு பதினான்காம் தேதி போய்ச் சேர்ந்தது. சிதம்பரத்துக்காரன் சரியான சோதனையைத்தான் போட்டான். தாளின் தலையில் அன்றைய தேதி அச்சாகி வந்தது. அனாலிசிஸ் அதற்கடுத்த ஞாயிறு மெஷினைத் துடைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி 2003-க்கே போய்விட்டார். அவரைப் பற்றி இன்றைக்கும் யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்லுகிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை. சிதம்பரம் போகும் முதல் பஸ். நான் முன்னதாக ஏறி, ஜன்னலோரம் கைப்பையை வைத்து இடம் போட்டிருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தோளில் துண்டு இல்லாமல், அவர் படியில் ஏறி நின்று இடம் தேடினார். அதுநாள்வரை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"சார், இங்க வாங்க சார்" என்றேன்.

யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.