எஞ்சினுக்குச் சந்தனம் வைத்த மாப்பிள்ளை

மாமனார் ஊருக்குப் போகிற மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒரு பொல்லாப்பும் வராது. சோறு போட்டால் சாப்பிடலாம். வெற்றிலை கொடுத்தால் போடலாம். வேறு எதையும் தொடக் கூடாது. இது தெரியாத வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது.

அப்போது நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தேன். கிரீஸ் அடிப்பேன். சக்கரம் கழற்றுவேன். எஞ்சின் பக்கம் மேஸ்திரி விட மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் எஞ்சின் வேலையில இருக்கறானுங்க" என்று எங்கள் வீட்டார் சொல்லிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. (மறுத்தால் பெண் யார் கொடுப்பார்?)

மாமனாருக்குச் சேந்தமங்கலத்துப் பக்கம் தோட்டம். மாடு கட்டித்தான் தண்ணீர் இறைத்தார். புது மாப்பிள்ளை நான் சும்மா இருந்தேனா? "மாட்டை வித்துட்டு ஆயில் எஞ்சின் போடுங்க மாமா. நான் பாத்துக்கறேன்" என்றேன். விற்று எஞ்சின் போட்டுவிட்டார். அவர் அதிகம் பேச மாட்டார். மாடு போன அன்று காலியான கட்டுத்தறியைக் கூட்டினார். வந்து படுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குப் போனோம். பூசைக்கு முதல் நாள் சின்ன வெங்காயம் நட்டிருந்தார்கள். நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் விதை மண்ணுக்குள்ளேயே சுருங்கிப்போகும். மூன்றாம் நாள் விஜயதசமி. பூசை அன்று எஞ்சினை ஓட்டக் கூடாது, மறுநாள் நல்ல நேரத்தில் ஓட்டலாம். எல்லாம் பொருந்தித்தான் இருந்தது.

எஞ்சினை நானே துடைத்தேன். என் வீட்டுக்காரி சரசு சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். நாலு பொட்டு வைத்தால் போதும். மாமனார் வீட்டார் பார்க்கிறார்களே என்று எனக்குப் பக்தி முற்றிவிட்டது. சக்கரம், டேங்கு, குழாய், ஒன்றையும் விடவில்லை. எஞ்சின் தலையில் இரண்டு ஸ்பிரிங்கு வெளியே தெரிந்தது. அதற்குள்ளும் சந்தனத்தைக் கரைத்து ஊற்றினேன். (உள்ளே இருக்கிற சாமிக்கும் போய்ச் சேரட்டும்.)

"இன்னுங் கொஞ்சம் அரைக்கட்டுங்களா?" என்றாள் சரசு.

"அரை."

மறுநாள் தேங்காய் உடைத்தோம். சரசுவின் அண்ணனும் நானும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினோம். சக்கரம் வேகமெடுத்தது. டங் என்றது. நின்றுவிட்டது. பார்த்தால், புஷ்ராடு வில்லாக வளைந்திருந்தது. கீழிருந்து எழும்பி வால்வைத் திறக்கிற கம்பி அது. விரல் கனம் இருக்கும்.

"என்னங்க மாப்ள, சகுனமே வளஞ்சு போச்சுங்களே?" என்றார் மச்சான்.

"கம்பி மாத்துனா ஓடுமுங்க."

சொன்னது நான்தான். கம்பி ஏன் வளைந்தது என்று எனக்கே தெரியாது.

மாமனார் வெங்காயக் காட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆகுமுங்களா மாப்ள?"

"ஆகுமுங்க மாமா."

சைக்கிளை மிதித்து நாமக்கல் போனேன். மேஸ்திரியைக் கேட்கலாம் என்று பார்த்தால் பட்டறை பூட்டு. பார்ட்ஸ் கடை மட்டும் திறந்திருந்தது. புதுக் கம்பி வாங்கி வந்து மாட்டினேன். சுற்றினோம். டங். அதுவும் வளைந்தது.

மச்சான் வளைந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழகு பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மறுபடியும் நாமக்கல். உச்சி வெயில். கடைக்காரர் சிரித்தார். "ஏனுங்க, கம்பி வேலி போடறீங்களா?" உள்ளே போய்த் தேடினார். "இது ஒண்ணுதானுங்க இருக்குது. இதையும் வளச்சுட்டீங்கன்னா கோயமுத்தூருதான்."

திரும்பும்போது அந்தக் கம்பியைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். பின்னால் பிறந்த பிள்ளையைக் கூட நான் அப்படித் தூக்கியதில்லை. வழியெல்லாம் வெங்காயம்தான் கண்ணில் நின்றது. மாடும் இல்லை. எஞ்சினும் இல்லை. தண்ணீர் மட்டும் கிணறு நிறையக் கிடந்தது.

வந்தும் மாட்டக் கை வரவில்லை. கம்பியை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்தபடி இருந்தேன். காட்டில் மேல்மண் வெளுத்துவிட்டது. மாமனார் ஒரு வெங்காயத்தைத் தோண்டி எடுத்து அமுக்கிப் பார்த்தார். திரும்பப் புதைத்தார்.

சரசு மோர் கொண்டுவந்தாள்.

"மாட்டலீங்களா?"

"பயமா இருக்குது."

கல்யாணமாகி அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் எஞ்சினைச் சுற்றி வந்தாள்.

"இந்தக் கம்பி எதைத் தள்ளுமுங்க?"

"அந்த ஸ்பிரிங்கை. அது எறங்குனாத்தான் வால்வு தெறக்கும்."

"நீங்க தள்ளுனா அது போகுதுங்களா?"

பெரிய ஸ்பேனரை வைத்து நெம்பினேன். ஒரு ஸ்பிரிங்கு இறங்கியது. கம்பி வளைந்த பக்கத்து ஸ்பிரிங்கு அசையவில்லை. தொங்கிப் பார்த்தேன். ம்ஹும்.

சரசு கொண்டை ஊசியை எடுத்து உள்ளே சுரண்டினாள். வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சந்தனமுங்க. பாறையாட்ட காஞ்சு கெடக்குது."

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்தது. மாமனார் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெய் எடுத்துவரப் போனார்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். மரச்சுத்தியால் மெல்லத் தட்டினேன். வால்வு இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. கடைசிக் கம்பியை மாட்டினேன்.

"சுத்தட்டுமுங்களா? இல்ல, இன்னொருக்கா பூசை போடோணுமா?" என்றார் மச்சான்.

சுற்றினோம். சரசு கண்ணை மூடிக்கொண்டாள். டங் இல்லை. புகை வந்தது. சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர் வந்தது.

பொழுது இறங்குவதற்குள் வெங்காயக் காடு முழுக்க நனைந்தது. எஞ்சின் சூடேறியதும் உள்ளே மிச்சமிருந்த சந்தனம் கருகி, தோட்டமெல்லாம் கோயில் வாசம். மாமனார் மண்வெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

"வாசம் நல்லாருக்குதுங்க மாப்ள."

அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். மறு வாரம் ஒரு சோடி மாடு வாங்கிக் கிணற்றடியில் கட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எஞ்சின் நன்றாக ஓடியது. மாடும் வருஷக்கணக்காகச் சும்மா நின்று தின்றது. நான் போகும்போதெல்லாம் அது என்னையே பார்க்கும்.

வளைந்த கம்பிகளை மச்சான் சுவரில் அடித்துச் சட்டை மாட்ட வைத்துக்கொண்டார். இப்போது என் பேரன் சொந்த லாரி ஓட்டுகிறான். போன ஆயுத பூசைக்கு லாரியைக் கழுவி மாலை போட்டான். நான் கிட்டப் போனேன். சரசு சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

"சாமி, தாத்தாவுக்குப் பொரி மட்டும் குடு" என்றாள் பேரனிடம்.

வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து தின்றேன்.