கிளட்ச் மிதிக்க ஓர் ஆள்

தனியாக வாழ்கிறவனால் செய்ய முடியாத வேலைகள் இரண்டு. முதுகின் நடுவில் தைலம் தடவுவது ஒன்று; பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்சில் ஏர் எடுப்பது இன்னொன்று. முதலாவதற்குச் சுவர் உதவும்.

காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு வண்டிக்கு இரண்டே இருக்கைகள் (இரண்டாவது என் குடைக்கு). கிளட்ச் குழாயில் எண்ணெயோடு காற்று புகுந்துவிட்டால் பெடல் துவண்டுவிடும், கியர் விழாது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்துத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

அக்கா மகள் ஸ்டெல்லா, கல்யாணத்தன்று ராயபுரம் சர்ச்சுக்கு என் வண்டியில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். அதுவரை அந்த இரண்டாவது இருக்கையை யாரும் கேட்டதே இல்லை. மறுநாளே கிளட்சைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். மிதிக்க யாரைக் கூப்பிடுவது? பெடல் மேல் செங்கல் வைத்தேன். ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்குகிறவன் அழுக்குச் செங்கல்லை உள்ளே வைப்பானா? கழுவித்தான் வைத்தேன். ஈரச் செங்கல் வழுக்கியது. பெடல் மேலே வந்தது. திறந்திருந்த திருகு வழியே காற்று உள்ளே போனது. அடியில் கிடந்த நானோ அதைக் கவனிக்காமல், எழுந்து வந்து பெடலை நாலு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, நாட்குறிப்பில் 'கிளட்ச் சரி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கல்யாணத்தன்று குடையை வீட்டிலேயே விட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. வண்டி நின்றது. பின்னால் இருந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்து, கோட்டுப் போட்ட என்னையும் வெள்ளைப் புடவை மணப்பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், பொண்ண இட்டுகினு ஓடியாந்துட்டியா?"

தாய்மாமன் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மிதிக்க முன்வந்தார்; அவர் தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒத்துவரவில்லை. ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"ஆட்டோல போறதுக்கா மாமா உன்ன கூப்ட்டேன்? நீ கீழ படு. நான் மிதிக்கிறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். நான் தலையை வண்டிக்கு அடியில் நுழைத்தேன். மிச்சமெல்லாம் சாலையில் கிடந்தது. மிதி, புடி, வுடு என்று நான் குரல் கொடுக்க, வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் கிளட்ச் கெட்டியானது.

சர்ச் வாசலில் மாப்பிள்ளை அழாத குறை. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் என்னை முன்பக்கமாகவே நிறுத்தினார்கள். முதுகில் பாதி எண்ணூர் ஒட்டியிருந்தது.

ஸ்டெல்லா இப்போது மஸ்கட்டில். அக்கா வீட்டில் என்னைக் கண்டால் இன்றும் "மிதி, புடி, வுடு"தான். ஸ்டெல்லா போனில் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்பாள்:

"மாமா, மிதிக்க ஆளு கீதா?"

"கீது" என்பேன்.

பொய் இல்லை. இப்போதெல்லாம் அந்தச் செங்கல்லைக் கழுவுவதில்லை.